அடைப்பு இல்லை, ஆனால் குழாய் இறுகிவிட்டது என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக (ஆற்று மதகுகளின் ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியர்) இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மா நிலத்தை இன்னும் தானே பார்த்துக்கொள்கிறார். சர்க்கரை கிடையாது. ஆறு மாதமாகப் பிரஷர் 170/66 என்றே வருகிறது. பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "அடைப்பு ஒன்றும் தெரியவில்லை, வயதில் ரத்தக்குழாய் இறுகிவிட்டது" என்றார். கொழுப்பு படிந்துதானே குழாய் இறுகும்? அப்பா எண்ணெய்ப் பண்டமே தொடுவதில்லையே. மாமாவோ, "வயசோட நூறைக் கூட்டிக்கோ, 171 வரைக்கும் நார்மல்" என்கிறார். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து விடியற்காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அப்பா அதை நிறுத்தப் பார்க்கிறார். நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு பாம்பு மாதிரி நெளிந்து துடிக்கிறது. பூண்டுக் கஷாயம் குடித்தால் குழாய் சுத்தமாகிப் பழையபடி இளகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடிக்கலாமா?
— வாசகி, வலங்கைமான் அருகே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போனது 170-க்கு அல்ல, 66-க்கு. நாற்பது நாற்பத்தைந்து வயதில் ரத்தக்கொதிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறும், 150/100 என்கிற மாதிரி. அப்பாவுக்கு மேல் எண் ஏறியிருக்கிறது, கீழ் எண் இறங்கியிருக்கிறது. நடுவில் 104 இடைவெளி. சாதாரணமாக இது 40-ஐ ஒட்டி இருக்கும். டாக்டர் சொன்ன "இறுக்கம்" இந்த இடைவெளியில்தான் தெரிகிறது.

ஒரு சின்னத் திருத்தம். நம் பக்கம் உடம்புக்குள் நீளமாக எது ஓடினாலும் நரம்புதான். பொட்டில் துடிப்பது நரம்பு இல்லை, தமனி. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். முப்பது வருஷம் இந்தக் குழாய்களை வெட்டித் தைத்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவன் நான். இந்த விஷயத்தில் கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வயலில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நினைத்துப் பாருங்கள். முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் பிடியை ஆட்டுகிறார். ஆட்டுவது விட்டு விட்டுத்தான். ஆனால் மறுகையில் உள்ள நாசிலிலிருந்து தூறல் விடாமல் வருகிறது. உள்ளே ஒரு காற்றறை இருக்கிறது. பிடியை அழுத்தும்போது மருந்தின் ஒரு பங்கு அந்த அறையில் காற்றை நெருக்கிக்கொண்டு தங்கும். கை ஓயும்போது நெருங்கிய காற்று விரிந்து அதை வெளியே தள்ளும். காற்றறையில் கோளாறு என்றால் நாசில் விட்டு விட்டுத் துப்பும். அப்பாவுக்கு இது அத்துப்படியாக இருக்கும்.

இதயத்தை ஒட்டிய பெருந்தமனி செய்வதும் இந்தக் காற்றறை வேலைதான். இந்த ஒப்புமையும் என் சொந்தச் சரக்கு அல்ல. குதிரையின் தமனியில் குழாய் செருகி முதன்முதலில் ரத்த அழுத்தம் அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், 1733-இல் வெளியிட்ட புத்தகத்தில், அந்தக் காலத்துத் தீயணைப்புப் பம்பின் காற்றறையோடு தமனியை ஒப்பிட்டார். 1899-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்களிடம் தீயணைப்புப் பம்ப் இருந்தது, நம்மிடம் மருந்து டேங்க் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஏறக்குறையப் பாதியை, பெருந்தமனி தன் சுவரை விரித்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் வால்வு மூடி இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சுவர் சுருங்கி அந்தப் பாதியை முன்னே தள்ளுகிறது. தள்ளும்போது உச்சத்தில் இருக்கும் அழுத்தம் மேல் எண். ஓய்வின் கடைசியில் மிஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். சுவர் விரிய மறுத்தால் என்ன ஆகும்? 70 மில்லியும் அந்த நொடியிலேயே போயாக வேண்டும், மேல் எண் எகிறும். பிடித்து வைத்தது குறைவு என்பதால் ஓய்வில் தள்ளுவதற்குச் சரக்கு இல்லை, கீழ் எண் சரியும். 170/66 என்பது இவ்வளவுதான்.

சரி, அந்தச் சுவர் எதனால் விரிகிறது?

தமனிச் சுவர் ரப்பர் குழாய் போல ஒரே பொருள் இல்லை, மூன்று அடுக்கு. உள்ளடுக்கு மிக மெல்லியது. ரத்தத்தைத் தொடும் பக்கத்தில் ஒற்றை வரிசைச் செல்கள் பாவியிருக்கும். வெளியடுக்கு, குழாயைச் சுற்றியுள்ள திசுவோடு கட்டிப்போடும் முரட்டு நார். நடு அடுக்குதான் சுவரின் பெரும்பகுதி. விரிவதும் சுருங்குவதும் அதன் வேலை. பெருந்தமனியின் குறுக்குவெட்டுக்குத் தனிச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நடு அடுக்கில் கருங்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலை அலையாகப் போகும், காற்றடிக்கும்போது சம்பா வயல் போவது போல. நெஞ்சுப் பகுதியில் ஐம்பது அறுபது கோடுகள் எண்ணலாம். அவை எலாஸ்டின் என்ற புரதத் தகடுகள். தகடுகளுக்கு நடுவே சிவப்பாகத் தெரிவது கொலாஜன் நார். அவற்றோடு பின்னிக் கிடப்பவை தசைச் செல்கள். 1967-இல் உலின்ஸ்கி, கிளாகோவ் என்ற இரு அமெரிக்கர்கள் பல பாலூட்டிகளின் பெருந்தமனியை எடுத்து இந்தத் தகடுகளை எண்ணினார்கள். சுண்டெலிக்கு ஐந்தாறு, பெரிய மிருகங்களுக்குப் பல மடங்கு. ஆனால் ஒரு தகட்டுக்கு விழும் சுமையைக் கணக்குப் பார்த்தால் எலிக்கும் பன்றிக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. உடம்பு பெருத்தால் தகட்டைத் தடிப்பாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

எலாஸ்டின் ரப்பர் மாதிரி. இழுத்தால் இரண்டு மடங்கு நீளும், விட்டால் திரும்பும். கொலாஜன் கயிறு மாதிரி. எலாஸ்டினைவிடப் பல நூறு மடங்கு விறைப்பு. இந்த இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ள மைக்ரோஸ்கோப் வேண்டாம், பாவாடையிலோ டிராயரிலோ வைத்துத் தைக்கும் எலாஸ்டிக் போதும். அதன் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் ரப்பர் இழைகள், சுற்றிலும் பருத்தி நூல் தளர்வாகப் பின்னியிருக்கும். கொஞ்சம் இழுத்தால் ரப்பர் மட்டும் நீளும், நூல் சும்மா இருக்கும். இன்னும் இழுத்தால் நூல் விறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் அசையாது. தமனியும் அப்படியே. அழுத்தம் குறைவாக இருக்கும்போது கொலாஜன் நார்கள் சுருள் சுருளாகச் சும்மா கிடக்கும், எலாஸ்டின் மட்டும் வேலை பார்க்கும். அழுத்தம் ஏற ஏறச் சுருள் நிமிர்ந்து ஒவ்வொரு நாராகச் சுமையை வாங்கும். குழாய் வெடித்துவிடாமல் காப்பது அந்தக் கயிறுதான். அதனால் கொலாஜனை வில்லன் ஆக்கிவிடக் கூடாது.

இதை அழகாகக் காட்டியவர்கள் கனடாவைச் சேர்ந்த மார்கரெட் ரோச், ஆலன் பர்ட்டன் இருவரும், 1957-இல். மனிதத் தமனித் துண்டுகளில் ஒன்றிலிருந்து எலாஸ்டினையும் இன்னொன்றிலிருந்து கொலாஜனையும் ரசாயனத்தால் கரைத்து எடுத்துவிட்டு விரித்துப் பார்த்தார்கள். எலாஸ்டின் போன துண்டு ஆரம்பத்திலேயே விறைத்தது. கொலாஜன் போன துண்டு விரிந்துகொண்டே போனது. தமனியின் நெகிழ்ச்சிக்கு இரண்டு கைகள் உண்டு என்பது அதில் ஐயமில்லாமல் தெரிந்தது.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். பழைய டிராயர் எலாஸ்டிக் என்ன ஆகும்? உள்ளே ரப்பர் இற்று அங்கங்கே அறுந்திருக்கும். பட்டை தொளதொளவென்று அகன்று போயிருக்கும். ஆனால் இழுத்துப் பார்த்தால் நீளாது. ரப்பர் இல்லாததால் நூல்தான் இப்போது சுமையைத் தாங்குகிறது. அகன்றும் இருக்கிறது, விறைத்தும் இருக்கிறது. எழுபது வயதுப் பெருந்தமனியும் இதேதான். வாலிபத்தில் இருந்ததைவிட அகலம், ஆனால் விறைப்பு. "இறுகிவிட்டது" என்று சொல்வதால் குழாய் சுருங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவர்களாகிய நாங்கள் வேறு நல்ல சொல் தேடியிருக்கலாம்.

ஏன் இற்றுப்போகிறது? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளுக்கு ஒரு லட்சம். 71 வருஷத்துக்கு 260 கோடி. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கிய தகடுகள் அவை. எலாஸ்டினை உடம்பு கருவிலும் சின்ன வயதிலும் நெய்து முடித்துவிடுகிறது. அதற்கப்புறம் உருப்படியாகப் புதிதாக நெய்வதில்லை. பிறந்தபோது கொடுத்த ஒரே சட்டை. அறுந்த தகடுகளின் மேல் சுண்ணாம்புச் சத்து படியும். கொலாஜன் கூடும், நார்களுக்கிடையே முடிச்சுகள் விழும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் முடிச்சு வேகமாக விழும். அப்பாவுக்கு அது இல்லை என்பது பெரிய ஆறுதல்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்குப் பதில் தானாக வந்திருக்கும். கொழுப்பு படிந்து அடைப்பது உள்ளடுக்கின் நோய். இறுகுவது நடு அடுக்கின் மூப்பு. இரண்டும் ஒருவருக்கே வரலாம், ஒன்று மற்றொன்றை வளர்க்கவும் செய்யும், ஆனால் ஒன்றல்ல. எண்ணெய் தொடாதவருக்கும் நடு அடுக்குக்கு வயதாகும். அதனால் பூண்டுக் கஷாயமோ வேறு எதுவோ "சுத்தம் செய்து" இளக்கும் என்பது நடக்காது. அங்கே கழுவ அழுக்கே இல்லை, அறுந்த இழை இருக்கிறது. பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடட்டும், ருசியாக இருக்கும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் எடுத்தால் மட்டும் பூண்டு மாத்திரை, பூண்டுச் சாறு போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். இப்போது டப்பாவில் விற்கும் கொலாஜன் பவுடரைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். தின்ற கொலாஜன் வயிற்றில் சாதாரணப் புரதமாகச் செரித்துப்போகும். தமனிக்கே போய்ச் சேர்ந்தாலும், அங்கே கூடிக்கிடப்பதே அதுதானே!

மாமாவின் நூறு கணக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள், கீழ் எண் சரியாக இருந்தால் மேல் எண்ணைக் கண்டுகொள்வதில்லை. 1991-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. அப்பாவைப் போலவே மேல் எண் மட்டும் 160-க்கு மேல் இருந்த, 60 வயது கடந்த 4,736 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. வயதில் வருவது என்பதால் அது பத்திரமானது என்று ஆகிவிடாது. மாமாவுக்கும் ஐம்பது தாண்டியிருந்தால் அவரையும் ஒருமுறை அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பக்கவாதம் ஏன் வருகிறது என்பதை அப்பாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், அவரே உங்களுக்குச் சொல்வார். ஆற்றுத் தலைப்பில் ஷட்டரைத் திடீரென்று தூக்கினால் முதலில் கீழே போவது தண்ணீர் இல்லை, மட்டம் ஏறும் அலை. ஷட்டர் பக்கத்தில் போட்ட இலை பின்னால் மெதுவாக மிதந்து வரும். நாடி பிடிக்கும்போது விரலில் படுவதும் அந்த அலைதான், ரத்தம் பின்னால் நடந்து வருகிறது. வாலிபத்தில் இந்த அலை பெருந்தமனியில் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் ஓடும். இறுகிய குழாயில் பத்து மீட்டரைத் தாண்டிவிடும். தலைமடையிலேயே வாங்கித் தணிக்க வேண்டிய அதிர்வு தணியாமல் கடைமடைக்குப் போகிறது. மூளையும் சிறுநீரகமும் அந்தக் கடைமடை. அங்கே உள்ள நுண்ணிய குழாய்கள் இவ்வளவு வேகத்துக்குக் கட்டிய கரைகள் இல்லை. மேல் எண்ணைக் குறைத்தால் கரைக்கு விழும் அடி குறைகிறது.

ஆனால் தலைசுற்றலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் சுவருக்குள் இருக்கும் உணர்நுனிகள், சுவர் விரிவது குறைந்ததைக் கண்டு, இதயத்தையும் குழாய்களையும் உசுப்பி அழுத்தத்தைத் தூக்கிவிடும். விரியாத சுவரில் அந்த நுனிகள் மந்தமாகிவிடுகின்றன. மாத்திரையும் சேர்ந்தால் தலை சுற்றுகிறது. இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது பிரஷரைவிடப் பெரிய தொல்லை. அதோடு, இதயத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அது ஓய்ந்திருக்கும் நேரத்தில். கீழ் எண் மிகவும் இறங்கிவிடக் கூடாது என்று நாங்கள் கவலைப்படுவது அதனால்தான். 66-ஐ வைத்துக்கொண்டு 170-ஐ ஒரே மாதத்தில் 120-க்கு இறக்க எந்த நல்ல டாக்டரும் அவசரப்பட மாட்டார். மெதுவாகத்தான் போக வேண்டும்.

ஆகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஆனால் டாக்டரிடம் ஒரு தாளோடு போங்கள். காலையில் அப்பா ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை என்று நாலைந்து நாள் அளந்து எழுதுங்கள். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால், மருந்தையோ அளவையோ வேளையையோ அவர் மாற்றுவார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதற்கு எடுக்கும் புராஸ்டேட் மாத்திரைகள் சில, எழுந்தவுடன் தலை சுற்ற வைக்கும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை பிரஷரையே ஏற்றும். இவை இரண்டும் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுப்போகிற மாத்திரைகள்.

அறுந்த எலாஸ்டினைத் தைக்க முடியாது என்றேன். அதற்காக ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைக்க வேண்டாம். அதே நடு அடுக்கில் தசைச் செல்கள் இருக்கின்றன, அவை உயிரோடு இருப்பவை, பேச்சைக் கேட்பவை. அவை முறுக்கிக்கொண்டால் குழாய் இன்னும் விறைக்கும், தளர்ந்தால் கொஞ்சம் இளகும். உள்ளடுக்கின் ஒற்றை வரிசைச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் தசையைத் தளர்த்துகின்றன. இதைக் கண்டறிந்ததற்கு 1998-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நடந்தால் இந்தச் சுரப்பு கூடும். அப்பா வரப்பில் நடப்பது நல்லதுதான், ஆனால் நின்று நின்று நடப்பது அது. அரை மணி நேரம் ஆற்றங்கரைச் சாலையில் விடாமல் நடக்கட்டும். வெற்றிலை சீவலை நான் தடுக்கவில்லை, அதோடு புகையிலை இருந்தால் அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், நிகோடின் அந்தத் தசையை முறுக்கும். உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பில் போடுவதைப் பற்றித்தான் எல்லாரும் யோசிக்கிறார்கள். நம் வீடுகளில் உப்பு வருவது நீராகாரத்திலும், மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய், கருவாட்டிலும்.

கடைசியாக, பொட்டில் நெளியும் அந்தப் பாம்பு. தமனி உடம்புக்குள் அகலவாக்கில் மட்டுமல்ல, நீளவாக்கிலும் இழுத்துக் கட்டியபடிதான் இருக்கும். இளம் வயதுக்காரரின் தமனியை வெட்டினால் இரண்டு முனையும் சட்டென்று உள்ளே ஓடிவிடும், நாங்கள் இடுக்கியோடு துரத்த வேண்டியிருக்கும். முதியவர்களுக்கு அந்த இழுப்பு போய்விடுகிறது, குழாய் நீண்டு நெளிகிறது. தோல் மெலிந்த பொட்டில் அது வெளியே தெரிகிறது. வலி இல்லாமல் துடித்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த இடம் தொட்டால் வலித்தாலோ, அதன்மேல் தடிப்பாக இருந்தாலோ, தலை சீவும்போது மண்டை எரிந்தாலோ, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்தாலோ, ஒரு கண் மங்கினாலோ அது வேறு நோய், தமனிச் சுவரின் அழற்சி. பார்வையைப் பறித்துவிடக்கூடியது. அப்படி ஏதாவது தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இப்போதைக்கு, விடியற்காலையில் கண் விழித்ததும் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.